பால் வாளியில் விழுந்த அத்தியாயம்

கொலை செய்தது யார் என்று தெரியாமல் நான் சாகக் கூடாது. எனக்கென்று மிச்சம் இருந்த ஆசை அது ஒன்றுதான். என் வயசுப் பெண்கள் காசி என்பார்கள், இராமேஸ்வரம் என்பார்கள். பாரோயில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கிற ஒருத்தி, பேரன் கல்யாணத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்கு அதெல்லாம் வேண்டாம். மில்லுக்காரர் குடித்த கஷாயத்தில் விஷத்தைக் கலந்தது கம்பவுண்டரா, போஸ்ட்மாஸ்டரா? அதை யாராவது சொன்னால் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன்.

பயந்துவிடாதீர்கள். இது புத்தகத்தில் நடந்த கொலை.

கோமளா டீச்சர் கதைகள் என்று மாதம் ஒன்று வரும். உள்ளங்கை அகலத்தில் பழுப்புத் தாள் புத்தகம். மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்து இங்கே சிரம்பானில் ஒரு கடை வாசலில் கயிற்றில் தொங்கும். கதை நடக்கிற ஊர் எப்போதும் பூங்குளத்தூர்தான். கோமளா டீச்சர் வேலையை விட்டு ஓய்ந்த தையல் டீச்சர். கல்யாணம் ஆகாதவர். மிளகு என்று ஒரு கறுப்புப் பூனை வளர்த்தார். அந்த ஊர் இன்ஸ்பெக்டர் பெயர் தங்கப்பழம். அவர் யாரைப் பிடித்து உள்ளே போடுகிறாரோ அந்த ஆள் கொலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒரு புத்தகத்தில்கூட இது மாறியதில்லை.

ரத்தம், அலறல், கத்திக்குத்து ஒன்றும் கிடையாது. இரண்டாம் பக்கத்தில் யாராவது செத்துக் கிடப்பார்கள். மூன்றாம் பக்கத்தில் டீச்சர் சுக்குக் காப்பி போடுவார். அப்புறம் ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் வீட்டு முருங்கைக்காயை யார் பறித்தார்கள் என்று கதை நிதானமாகப் போகும். கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, சீடைத் தட்டை நீட்டி, "தையல் விட்ட இடம் எது என்று பார்த்தேன்" என்று டீச்சர் ஆரம்பிப்பார். அந்த ஒரு வரிக்காக மாதம் பூராவும் காத்துக் கிடப்போம். மாதத்துக்கு ஒரு கொலை விழுந்தும் பூங்குளத்தூரை விட்டு யாரும் வீட்டைக் காலி செய்யவில்லை. எனக்கு ஒரு அறை கிடைத்திருந்தால் நானும் போய்க் குடியேறியிருப்பேன். அப்படிப்பட்ட ஊர் அது.

நாங்கள் இருந்தது ரெம்பாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டம். இப்போது அங்கே போனால் செம்பனைதான் நிற்கும். நாங்கள் குடியிருந்த லயம் இருந்த இடம்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்காக நான் அழுததில்லை. கொசுக்கடிக்கும் ஒழுகின கூரைக்கும் யார் அழுவார்கள்? நான் நினைத்து நினைத்து ஏங்குவது ஒரே ஒரு நேரத்துக்குத்தான்.

மரத்தின் பட்டையை வெட்டி முடித்த பிறகு பால் மங்குக் கிண்ணத்தில் வடிந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் பால் குறையும். அந்த நேரத்தில் ஆம்பளைகள் சுருட்டு பிடிப்பார்கள். நாங்கள் பெண்கள் நாலைந்து பேர் மண் சாலை ஓரத்தில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்து பசியாறுவோம். பசியாறிக்கொண்டிருக்கும்போதே என் கூட்டாளி பஞ்சாலை இடுப்பிலிருந்து புத்தகத்தை எடுப்பாள்.

பஞ்சாலைக்கும் எனக்கும் ஒரே வயசு. அடுத்தடுத்த நிரையில் வெட்டுகிறவர்கள். பள்ளிக்கூடத்தில் என்னைவிடக் குறைச்சலாகத்தான் படித்தாள், ஆனால் அவள் குரலில் வாசித்துக் கேட்க வேண்டும். தங்கப்பழத்துக்கு ஒரு குரல், டீச்சருக்கு ஒரு குரல். பூனைக்குக்கூட ஒரு குரல் வைத்திருந்தாள். பக்கத்தில் தாயம்மாக்கா உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எங்கள் எல்லாரையும்விட மூத்தவர். கதையில் எவன் அழகாக இருக்கிறானோ அவன்தான் கொலைகாரன் என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிடுவார். "செவத்த ஆம்பள, மீசைய முறுக்கிவிட்டிருக்கான். இவனத் தவிர வேற யாரு செய்வா?" என்பார். பத்தில் மூன்று தடவை அது சரியாகவும் போய்விடும். அப்போது அவரைக் கையில் பிடிக்க முடியாது.

வேலையை மேற்பார்க்கிற தண்டல் இராஜமாணிக்கம் எங்களை விரட்ட வருவார். வந்தவர் மரத்துக்குப் பின்னாலேயே நின்றுவிடுவார். பால் எடுக்க விசில் ஊத வேண்டியது அவர் வேலை. டீச்சர் எதையாவது கண்டுபிடிக்கப் போகிற இடம் வந்தால் விசில் தாமதமாகும். "ஏம்பா தண்டலு, பாலு உறையப் போவுதுலா!" என்று அந்தப் பக்கமிருந்து ஆம்பளைகள் கத்துவார்கள். "மரம் இன்னும் வடியுதுடா" என்று இவர் இங்கிருந்து கத்துவார்.

ஒரு கட்டுப்பாடு இருந்தது. யாரும் முன்னால் புரட்டிப் பார்க்கக் கூடாது. புத்தகம் பஞ்சாலை வீட்டில் இருக்கும், ஆனால் அவளும் பார்க்கக் கூடாது. மாரியம்மன் மேல் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

நான் எப்படி அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இந்தக் கதை விளங்காது.

என் புருஷன் சன்னாசி நல்லவன். அவசரக்காரன். வீட்டுக்குப் பின்னால் மண்டின லாலான் புல்லுக்கு அடிக்கிற மருந்தை ஒரு சோடா பாட்டிலில் ஊற்றி எடுத்து வந்து அடுப்படியில் வைத்தான். அந்தக் காலத்தில் தோட்டத்தில் எல்லாரும் செய்கிற வேலைதான். ஒரு மத்தியானம் வெயிலில் வந்தவன், கலர் தண்ணீர் என்று நினைத்து அதே பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்துவிட்டான். அவன் வைத்த பாட்டிலை அவனே மறந்தான். நான் அப்போது ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான். என் மகள் மாதவி அப்போது, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டகையில் கிடக்கிற கைக்குழந்தை.

போலீஸ் வந்து விசாரித்துவிட்டு, என் மேல் ஒன்றும் இல்லை என்று போய்விட்டது. லயத்து வாய் போகவில்லை. "பாட்டில எடுத்துக் குடுத்தது யாராம்?" என்று தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி கேட்பாள். நான் வாளியோடு போனால் பேச்சு நிற்கும். விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் நின்றால் எனக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருக்கும். நான் யாரிடமும் போய் நியாயம் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெட்டினேன், பால் எடுத்தேன், வந்தேன். பசியாறுகிற நேரத்தில் தனியாக என் நிரையிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் பஞ்சாலை என் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். "எங்கடி கொண்டு போற?" என்று கத்தினேன். "சோறு வேணும்னா வந்து உக்காரு" என்றாள். போய் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பூங்குளத்தூரில் தேர்முட்டியில் ஒரு ஆள் செத்துக் கிடந்தான். தங்கப்பழம் பூக்காரியைப் பிடித்துக்கொண்டு போனார். எல்லாரும் பூக்காரியைத் திட்டினார்கள். டீச்சர் மட்டும் திட்டவில்லை. கடைசியில் டீச்சர் எழுந்து, அந்தப் பெண் செய்யவில்லை என்று ஊர்க்காரர்கள் மூஞ்சிக்கு நேரே சொன்னார். அன்றைக்கு ராத்திரி பல மாதத்துக்குப் பிறகு நான் தூங்கினேன்.

அதற்கப்புறம் ஒரு புத்தகத்தைக்கூட நான் விடவில்லை. ஒவ்வொரு மாதமும் ஊரே ஒரு ஆளைப் பார்த்து விரல் நீட்டும். ஒவ்வொரு மாதமும் டீச்சர் அந்த விரலை மடக்கிவிடுவார். எனக்கு வேறு மருந்து தேவைப்படவில்லை.

அப்படி வந்ததுதான் 'கசந்த கஷாயம்'.

அரிசி மில் முதலாளி கஷாயம் குடித்துச் செத்துப்போகிறார். கஷாயத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தது அவருடைய இளம் மனைவி சுலோச்சனா. மருந்துச் சரக்கு கொடுத்தது கம்பவுண்டர். அன்று காலையில் வீட்டுக்கு வந்து போனது போஸ்ட்மாஸ்டர். ஊர் பூராவும் சுலோச்சனா மேல் பாய்ந்தது. குளத்தங்கரையில் அவள் போனால் பேச்சு நின்றது. பஞ்சாலை அதை வாசித்தபோது யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க எல்லாரும் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

ஆனால் எனக்குப் பயமே இல்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் தங்கப்பழம் வந்து சுலோச்சனாவைக் கைது செய்தார். நான் கையைத் தட்டிவிட்டேன். தங்கப்பழம் பிடித்தால் அவள் செய்யவில்லை! "கம்பவுண்டர்தான்" என்றேன் நான். "போஸ்ட்மாஸ்டரு" என்றாள் பஞ்சாலை. தாயம்மாக்கா, மில்லில் கணக்கு எழுதுகிற சுருட்டைமுடிக்காரன் என்றார்.

கடைசி அத்தியாயம் மிச்சம் இருந்தபோது வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் பால் பாழ். தண்டல் வேறு வழியில்லாமல் விசில் ஊதினார். பால் நிறுக்கிற ஸ்டோரில் வரிசையில் நிற்கும்போது வாசித்துவிடலாம் என்று முடிவானது. அவசரம் அவசரமாகப் பால் எடுத்து, தோளில் காண்டாக் கம்பை வைத்து வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்டோரில் அன்றைக்கு நல்ல கூட்டம். சுலோச்சனா கதை லயம் பூராவும் பரவியிருந்தது. குழாயடியில் என்னைப் பற்றிப் பேசினவளும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். வாடி வா, கேட்டுக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். டீச்சர் வாயால் அவள் கேட்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பஞ்சாலை புத்தகத்தைக் கையில் எடுத்தாள். எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் புத்தகம் அவள் கையிலிருந்து நழுவி, கால் பக்கத்தில் இருந்த பால் வாளிக்குள் விழுந்தது.

அவள் பதறிப்போய் வாளிக்குள் கையை விட்டாள். எடுப்பதற்குப் பதிலாக இன்னும் ஆழத்தில் அழுத்திவிட்டாள். வெளியே வந்தபோது அது புத்தகமாக இல்லை. தாயம்மாக்காதான் யோசனை சொன்னார். "பாலு சீட்டா ஆனா புகைக்கூண்டுலதான காய வைக்கிறோம்? புஸ்தகத்தயும் அங்க தொங்கவிடுங்கடி. காஞ்சதும் பிரிச்சுக்கலாம்." எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. புத்தகம் தகடு தகடான ரப்பர் சீட்டுகளுக்கு நடுவில் புகைக்கூண்டில் தொங்கியது. இறக்கினபோது பலகாரத் துண்டு மாதிரி பழுப்பாக, கெட்டியாக இருந்தது. தரையில் போட்டால் துள்ளியது. ஒரு பக்கம் பிரியவில்லை.

பஞ்சாலையின் அன்றைய பால் போனது. தண்டல் அவளைத் திட்டின திட்டு பாலுக்காக இல்லை, அத்தியாயத்துக்காக. பெண்கள் ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "ரெண்டு வாளிப் பாலோட மேட்டுலருந்து எறங்குவ, ஒரு சொட்டு சிந்த மாட்ட. ஒரு புஸ்தகத்தப் புடிக்கத் தெரியலயா ஒனக்கு?" என்று நான் பிடிபிடியென்று பிடித்தேன். "கை வழுக்கிருச்சுடி" என்பதைத் தவிர அவள் ஒன்றும் சொல்லவில்லை. சிரம்பான் கடையில் வேறு பிரதி கிடைக்கவில்லை. கொஞ்ச காலத்தில் கோமளா டீச்சரே வராமல் நின்றுபோனார். அப்புறம் தோட்டமும் கைமாறி நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போனோம்.

அந்த ரப்பர் கட்டி என்னிடம்தான் இருக்கிறது. பாரோய் வீட்டில் காற்றுக்குக் கதவு அடிக்காமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நாற்பது வருஷமாக வாரத்துக்கு ஒரு தடவையாவது பஞ்சாலையோடு போனில் பேசுகிறேன். அவள் ரெம்பாவில் மகன் ரவிச்சந்திரன் வீட்டில் இருக்கிறாள். சர்க்கரை, முட்டிவலி எல்லாம் முடிந்ததும் பேச்சு பூங்குளத்தூருக்குப் போய்விடும். "கம்பவுண்டருதான் மருந்த மாத்திக் குடுத்தான்லா" என்பேன். "அவனுக்கு என்னடி லாபம்? போஸ்ட்மாஸ்டரு எதுக்கு அன்னிக்கு மட்டும் கையில கொடையில்லாம வந்தான்?" என்பாள். வருஷத்துக்கு ஒரு புதுக் காரணம் கண்டுபிடிப்பாள். "எவனோ ஒருத்தன், ஆனா சுலோச்சனா இல்ல" என்று நான் முடிப்பேன். "அவ இல்லவே இல்லடி" என்பாள் அவள். அதைக் கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பேன்.

போன மாதம் மாதவி வேலையிலிருந்து வந்ததும் ஒரு சேதி சொன்னாள். அவளோடு வேலை செய்கிற சிந்துஜாவின் அம்மா அன்னபூரணம் தவறிவிட்டாராம். தெமியாங்கில் இருக்கிற பழைய வீட்டைக் காலி செய்கிறார்களாம். அலமாரி நிறையப் பழைய தமிழ்ப் புத்தகம் இருக்கிறதாம். "சின்னச் சின்னதா, அட்டையில பூனை படம் போட்டிருக்காம்மா" என்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

சிந்துஜா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தாத்தா தோட்டத்து ஆபீசில் கிராணியாகக் கணக்கு எழுதின குடும்பம். "அம்மா இதுகளை அப்பாவுக்குத் தெரியாமல் ஒளிச்சு வச்சு வாசிச்சவா, அன்ரி" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "உங்களுக்கு விருப்பமானதை எடுங்கோ." நான் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். மேலிருந்து ஆறாவதோ ஏழாவதோ, மஞ்சள் அட்டை, கஷாயக் கிண்ணம். மிளகு கிண்ணத்தை முகர்ந்துகொண்டிருந்தது. நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதைப் பார்த்து, "தண்ணி குடிக்கிறியளோ?" என்று அந்தப் பிள்ளை பயந்துவிட்டது.

வாசித்தேனா? மாட்டேன். சத்தியம் சத்தியம்தான். கடைசிப் பக்கங்களை ரப்பர் வளையம் போட்டு இறுக்கிவிட்டுப் பஞ்சாலைக்குப் போன் அடித்தேன்.

"கெடச்சிருச்சுடி!" என்றேன். "கசந்த கஷாயம்! முழுசா!"

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நீ வாசிச்சிட்டியா?" என்றாள்.

"ஒன்ன விட்டுட்டு வாசிப்பனா?"

"வாசிக்காத, தனம். எங்கிட்ட கொண்டா. நான்தான வாசிக்கிறவ."

சனிக்கிழமை மாதவி தன் காடியை ஓட்டிக்கொண்டு என்னைக் கூட்டிப்போனாள். வழியெல்லாம் எனக்குச் சிரிப்புதான். போஸ்ட்மாஸ்டராக மட்டும் இருக்கக் கூடாது, இருந்தால் பஞ்சாலை தலைகால் தெரியாமல் ஆடுவாள் என்று மாதவியிடம் சொல்லிக்கொண்டே போனேன்.

பஞ்சாலை வாசலிலேயே நாற்காலி போட்டுக் காத்திருந்தாள். இளைத்துவிட்டாள். கண்ணில் புரை விழுந்திருக்கிறது. கண்ணாடி போட்டால்தான் எதிரே நிற்பது ஆளா வாழைமரமா என்று தெரியும். "திலகா, மாதவியக் கூட்டிக்கிட்டு பாசாருக்குப் போயிட்டு வா. நாங்க பேசிக்கிட்டிருக்கோம்" என்று மருமகளை அனுப்பிவிட்டுக் கையை நீட்டினாள். புத்தகத்தைக் கொடுத்தேன். மோந்து பார்த்தாள், தடவினாள், ரப்பர் வளையத்தைக் கழற்றினாள். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். தாயம்மாக்கா அப்படித்தான் கேட்பார்.

பஞ்சாலை தொண்டையைச் செருமினாள். "கோமளா டீச்சர் சீடைத் தட்டை நீட்டினார். கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். 'தையல் விட்ட இடம் எது என்று பார்த்தேன்' என்றார் டீச்சர்."

அதே குரல். கொஞ்சம் கரகரப்பு ஏறியிருந்தது, அவ்வளவுதான். எனக்கு ரப்பர் பால் வாசம் வந்தது என்றால் நம்புவீர்களா? மரத்துக்குப் பின்னால் தண்டல் நின்றார். தூக்குச்சட்டியில் நெத்திலிச் சம்பல் இருந்தது. எனக்கு மறுபடியும் இருபத்திரண்டு வயசு.

டீச்சர் கம்பவுண்டரைக் கேட்டார், விட்டார். கணக்குப்பிள்ளையைக் கேட்டார், விட்டார். அப்புறம் மெல்லத் திரும்பி, "போஸ்ட்மாஸ்டரே, அன்று காலையில் உங்கள் குடை எங்கே?" என்றார். நான் "அட சண்டாளி!" என்று கத்திவிட்டேன். பஞ்சாலை நிறுத்தவில்லை. போஸ்ட்மாஸ்டர் எழுந்து ஓடினார். அவர் காலுக்குக் குறுக்கே மிளகு பாய்ந்தது.

"இரு இரு, தண்ணி குடிச்சிட்டு வரேன். சுலோச்சனாவ வெளிய விடற எடம் வரும், அத ஒழுங்கா கேக்கணும்" என்று எழுந்து அடுப்படிக்குப் போனேன். குடத்தில் தண்ணீர் மொண்டேன். குடிக்க வாயருகே கொண்டு போனேன். ரொட்டி டின்னுக்கு மேலே பஞ்சாலையின் கண்ணாடி இருந்தது.

தடித்த கண்ணாடி. அவளுடையதுதான். இது இல்லாமல் அவள் எதைப் பார்த்து வாசிக்கிறாள்?

தையல் விட்ட இடம் அதுதான் என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. ஆனால் எது எதோடு சேரும் என்று புரியவில்லை. தண்ணீரை வைத்துவிட்டுத் திரும்பிப் போனேன். பஞ்சாலை மடியில் புத்தகம் விரிந்திருந்தது. விரிந்திருந்த பக்கத்தில் ஊறுகாய் விளம்பரம் இருந்தது.

"பஞ்சாலை, ஒன் கண்ணாடி அடுப்படியில கெடக்குது."

அவள் புத்தகத்தை இறுக்கிப் பிடித்தாள். நான் விரல் விரலாக விடுவித்து எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். "வேணாம் தனம்" என்றாள். "வேணாம்டி. சொன்னாக் கேளு."

வாசித்தேன். ரொம்ப நேரம் ஆகவில்லை, சின்ன அத்தியாயம்தான். சீடைத் தட்டு இருந்தது. கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். டீச்சர் யார் பக்கமும் திரும்பவில்லை. நேரே சுலோச்சனாவிடம் போய், "கிண்ணத்தில் ஊற்றியது நீதானே அம்மா?" என்றார். ஆமாம் என்று அவள் அழுதாள். ஊர் சொன்னதுதான் சரி. அத்தனை புத்தகத்திலும் தோற்ற தங்கப்பழம் அந்த ஒன்றில் ஜெயித்திருந்தார். படிக்கிறவர்கள் எதிர்பார்க்க மாட்டார்கள் என்று எழுதினவன் அப்படி ஒரு வேலை செய்திருக்கிறான். ரொம்பக் கெட்டிக்காரன்! கையில் கிடைத்தால் அந்த ரப்பர் கட்டியாலேயே அடித்திருப்பேன்.

அப்புறம்தான் ஸ்டோர் ஞாபகத்துக்கு வந்தது. வரிசை, கறுத்த வானம், முன்னால் வந்து நின்ற குழாயடிக்காரி.

"நீ முன்னாடியே வாசிச்சிருக்க" என்றேன்.

"மொத நாளே வாசிப்பேன். எல்லாப் புஸ்தகமும். இல்லேனா நாக்கு தடுக்கும், கொரலு மாத்தி வாசிக்க வராது." தலையைக் குனிந்துகொண்டாள். "மாரியாத்தா மன்னிச்சிருவா."

"கை வழுக்கல."

"வழுக்கலடி."

"வேற மாதிரி மாத்தி வாசிச்சிருக்கலாமேடி? இப்ப வாசிச்ச மாதிரி?"

"எனக்கப்புறம் புஸ்தகம் லயம் பூரா சுத்துமே? அந்தக் கொழாயடிக்காரி கைக்குப் போகும். அவ எழுத்துக் கூட்டி வாசிப்பா. கொழாயடியில சொல்லுவா, பாத்தீங்களா, கதையிலயே இருக்குன்னு." பஞ்சாலைக்கு மூச்சு வாங்கியது. "அத்தன பேரு நின்னாங்க. நீ கைக்கொழந்தக்காரி. அப்பத்தான் ரெண்டு வாய் சோறு திங்க ஆரம்பிச்சிருந்த. அத நான் என் வாயால வாசிக்கவா? போடி. வாளிதான் கிட்ட இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. நாற்பது வருஷம் அவளைக் கைவிளங்காதவள் என்று ஏசியிருக்கிறேன். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லாமல், வாரா வாரம் போஸ்ட்மாஸ்டருக்கு எதிராகப் புதுசு புதுசாகச் சாட்சி தேடிக்கொண்டு வந்திருக்கிறாள் இந்தப் பாவி. எனக்காக ஒருத்தி இவ்வளவு செய்திருக்கிறாள். அவள் காலடியில் போய் உட்கார்ந்தேன். "நீ மனுஷியாடி?" என்றேன். அவள் என் தலையில் கையை வைத்தாள். பால் கத்தி பிடித்த காய்ப்பு இன்னும் அந்தக் கையில் இருந்தது.

வெளியே காடிச் சத்தம் ஏதோ கேட்டது. மாதவி இல்லை, வேறு யாரோ. நான் புத்தகத்தை மூடி, ரப்பர் வளையத்தைப் போட்டு, என் கைப்பைக்குள் திணித்தேன். எழுந்து போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்து பழையபடி சம்மணம் போட்டேன்.

"வாசி" என்றேன்.

"எதப் பாத்து?"

"எதயும் பாக்க வேணாம். போஸ்ட்மாஸ்டரு ஓடுறான், பூனை குறுக்க பாயுது. அதுல நிறுத்துன."

பஞ்சாலை என்னைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது. தொண்டையைச் செருமினாள்.

"போஸ்ட்மாஸ்டர் தடுமாறி விழுந்தார். தங்கப்பழம் அவர் கையில் விலங்கை மாட்டினார். கோமளா டீச்சர் சுலோச்சனாவின் பக்கத்தில் போனார். ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அவள் கையைப் பிடித்து டீச்சர் சொன்னார். 'நீ வீட்டுக்குப் போம்மா. பிள்ளை தேடும். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை.'"

"இன்னொரு தடவ வாசி" என்றேன்.

வாசித்தாள்.